நான்கு விரல் தூரம்

பூச்சிகளைப் படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் தேவையே இல்லை. தேவை என்று யாராவது சொன்னால் அவர் லென்ஸ் விற்கிறவராக இருப்பார், அல்லது வாங்கி ஏமாந்தவராக இருப்பார். கேமராவோடு சும்மா வருகிற சாதாரண லென்ஸைக் கழற்றி, முன்பக்கத்தைப் பின்னால் வைத்துத் திருப்பி மாட்டினால் போதும். அப்படி மாட்டுவதற்கென்றே ஓர் அலுமினிய வளையம் கிடைக்கிறது. அது கிடைக்காத காலத்தில் நான் பழைய கேமரா மூடி ஒன்றை நடுவில் வெட்டிப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதிலேயே எறும்பின் தாடையில் இருக்கும் முடியை எண்ணலாம்.

நீங்கள் எடுத்துப்போன கேமராவில் அந்த வளையம் இன்னும் இருக்கும். தயவுசெய்து யாரும் அதை முறுக்க வேண்டாம், மரை தேய்ந்துபோயிருக்கிறது.

இந்த முறையில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவில் நான்கு விரல் தூரம்தான் இருக்க முடியும். கூடக் குறைய ஆனால் படம் இல்லை. ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை, நம் உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, மூச்சை அடக்கி, சரியான இடம் வரும்போது அமுக்க வேண்டும். தெளிவாக விழுவது ஒரு தலைமுடி அகலம்தான். அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். சுவர், துணி, ஆள், எதுவானாலும் அப்படித்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் நான் பின்னால் சொல்லப்போவது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் தொழில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது. கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. முப்பத்தொரு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே வெள்ளைத் திரை. "பையை வெளியே கவுண்டர்ல வைங்க. நிமிர்ந்து உட்காருங்க. அசையாதீங்க. லென்ஸைப் பாருங்க." ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்கிறேன். என் குரலில் ஏதோ இருக்கிறது, எப்பேர்ப்பட்ட வாலும் சொன்னபடி கேட்டுவிடும். அழுகிற குழந்தைகூட வாயைத் திறந்தபடி அப்படியே நிற்கும்.

பூச்சிகள் கேட்காது. அதுதான் என் பிரச்சினையாக இருந்தது.

எங்கள் ஊரில் பூச்சி, பூ படம் எடுக்கிறவர்கள் பதினொரு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பல் டாக்டர்தான் தலைவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் கூடத்தில் கூடுவோம். எல்லோரும் பெரிய லென்ஸ்காரர்கள், திருப்பி மாட்டுகிற ஏழை நான் ஒருவன்தான். குழுவுக்கு ஒரு விதி உண்டு. உயிரோடு இருக்கும் பூச்சியை, அதைத் தொடாமல், அது இருக்கும் இடத்திலேயே எடுக்க வேண்டும். படம் திரையில் விழுந்ததும் எடுத்தவர் எழுந்து நின்று எப்படி எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்று, விடியற்காலையில் ஈரப் புல்லில் இரண்டு மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்த கதையைச் சொல்வேன். பூச்சியின் முதுகில் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கும் பனித்துளிகளைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது வருடம் அந்த ஆண்டின் சிறந்த படம் என்னுடையது. அங்கே என்னை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'பொறுமை சார்' என்றுதான் அழைப்பார்கள்.

வேறு எந்த இடத்திலும் என்னைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றலாம்.

பூச்சிகள் ஃபிரிட்ஜில் இருந்து வந்தன. உறைய வைக்கிற அறையில் அல்ல, அங்கே வைத்தால் செத்துவிடும். கீழே காய்கறித் தட்டில், மூடியில் ஊசியால் துளை போட்ட சின்ன டப்பாவில். ஈக்கு ஏழு நிமிடம், தட்டானுக்கு இருபது. வெளியே எடுத்தால் கல் மாதிரி கிடக்கும், பூவின்மேல் வைத்தால் வைத்தபடி இருக்கும். வெளிக்காற்று பட்டதும் உடம்பெல்லாம் தண்ணீர் துளிர்க்கும். அதுதான் என் பனித்துளி. மூன்று நான்கு நிமிடத்தில் சூடேறி எழுந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் பறந்து போய்விடும். ஒன்றுகூடச் செத்ததில்லை. என் மனைவிக்கு இது தெரியும். முதல் வருடம் முகம் சுளித்தாள், பிறகு தட்டின் ஒரு மூலையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். குழுவின் விதி அவளுக்குத் தெரியாது. அவள் கூட்டங்களுக்கு வந்ததில்லை.

இனி மச்சினன். என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பெற்றோர் போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினெட்டு. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படிக்க வைத்தது எல்லாம் அவள்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எட்டு வருடம் எங்களோடுதான் இருந்தான். நல்ல பையன், அதில் சந்தேகமே இல்லை. வாய்தான் ஓயாது. ஒரு அறைக்குள் அவன் நுழைந்தால் சிரிப்பும் கூடவே நுழையும்.

அவனுக்குக் குளவி ஆகாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குளவி கொட்டியது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் சிவந்து, தொண்டை அடைத்து, பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தான். அடுத்த முறை இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து தடிமனான பேனா மாதிரி ஓர் ஊசி மருந்து அவன் பையின் முன் அறையில் எப்போதும் இருக்கும். தொடையில் அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும் என்று டாக்டர் மருந்தில்லாத ஊசி ஒன்றைக் கொடுத்து எங்களைப் பழகச் சொன்னார். என் மனைவிக்குக் கை நடுங்கியது. எனக்கு நடுங்கவில்லை. "மாமா கை ஸ்டாண்டு போட்ட மாதிரி நிக்குது அக்கா, நான் பயப்படாம இருக்கலாம்" என்றான் மச்சினன்.

போன மாதத்துக்கு முந்தைய மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், வேலைக்கு நடுவே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். எலுமிச்சம்பழம் எடுக்கக் காய்கறித் தட்டை இழுத்தவன் என் டப்பாவை எடுத்துவிட்டான். உள்ளே ஒரு தட்டான் கிடந்தது.

"என்ன மாமா இது?"

நான் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "அவர் படம் எடுக்கிற பூச்சிடா. குளிர வெச்சாதான் ஆடாம இருக்குமாம்."

அவன் டப்பாவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். குழுவில் என்னை எப்படி அழைக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். "அப்ப உங்க பொறுமையெல்லாம் இந்த டப்பாக்குள்ளதான் இருக்கா மாமா? அக்கா, பொறுமை சார் பொறுமையை எங்க வெச்சிருக்கார் பாரு, வெண்டைக்காய்க்கும் கேரட்டுக்கும் நடுவுல."

என் மனைவியும் சிரித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நானும் வரேன் மாமா. எனக்கும் பூச்சிப் படம் எடுக்க ஆசை. நீங்க எழுந்து நின்னு விடியக்காலை கதை சொல்லும்போது நான் பின்னாடி இருந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கறேன்."

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவன் கை கழுவிவிட்டுப் போனான். அந்தக் கூடமும் பத்து பேரின் முகமும் என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தன. பல் டாக்டர் முதலில் புன்னகைப்பார். குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் நம்பாமல் என்னைப் பார்ப்பார். அதன் பிறகு என் ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார்கள். மானம் கப்பலேறுவது என்றால் இதுதான். அவனிடம் 'சொல்லாதேப்பா' என்று கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான்தான். ஆனால் ஒவ்வொரு முறை ஃபிரிட்ஜைத் திறக்கும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பான். அதை யோசித்துப் பாருங்கள்.

குளவியை நான் அதற்கு முன் படம் எடுத்ததில்லை. ஸ்டூடியோ பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு கூடு இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றைப் பிடித்துத் தட்டில் வைத்தேன். சற்றே பெரியது, இடுப்பு மெல்லியது, வயிற்றில் மஞ்சள் பட்டை. அழகான பிராணி. அன்றைக்கே மச்சினனுக்கு போன் செய்து, வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வா, எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன் என்றேன். வியாழக்கிழமை என் மனைவி தையல் யூனிட்டில் ஆறு மணி வரை இருப்பாள். ஒன்றிலிருந்து மூன்று வரை கடை அடைப்பு. இவை எல்லாம் தற்செயலாக அமைந்தன என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, நான்தான் அமைத்தேன்.

இரண்டு மணிக்கு வந்தான். "பையை வெளியே கவுண்டர்ல வை" என்றேன். வைத்தான். எல்லோரிடமும் சொல்வதுதானே. உள் அறையில் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு மஞ்சள் பூவை அவன் கையில் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து, குளவியை இடுக்கியால் எடுத்துப் பூவின்மேல் வைத்தேன்.

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "மாமா, இது குளவில்ல?"

"ஆமா. செத்துடுச்சு. ரெண்டு நாளாச்சு."

இந்த ஒரு பொய் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. என் டப்பாவில் எதுவும் சாகாது என்பது அவனுக்குத் தெரியாது, என்னைச் சாதாரணக் கொலைகாரன் என்று நினைத்திருப்பான்.

"செத்த குளவிகிட்ட எனக்கென்ன பயம்" என்று சிரித்துவிட்டுப் பூவை நீட்டினான். "அப்ப செத்ததையும் எடுப்பீங்களா மாமா? இது ஃபிரிட்ஜைவிடப் பெரிய கதையா இருக்கே."

சிறிய லென்ஸ்காரர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. பூவைப் பிடித்திருக்கும் கையின்மேலேயே லென்ஸை ஊன்றிக்கொள்வோம். அப்போது பூ அசைந்தால் கேமராவும் சேர்ந்து அசையும், படம் கலையாது. நான் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, அதன்மேல் லென்ஸை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அவன் ஏதோ ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாணக் கோஷ்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். குளவியின்மேல் துளிகள் அரும்பின. மூன்றாவது நிமிடத்தில் ஓர் உணர்கொம்பு அசைந்தது. அடுத்து முன்கால். பிறகு வயிறு விம்மி விம்மித் தணிந்தது. உயிர் திரும்புவதை நான்கு விரல் தூரத்தில் பார்ப்பது வேறு எதற்கும் ஈடில்லாதது. அவனிடம் 'உதறு' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குளவி காலை நீட்டிப் பிடிமானம் தேடியது, அவன் கட்டைவிரல் கிடைத்தது. அதைக் கவனிக்காமல் அவன் பூவைப் பிடித்த விரலை அழுத்தினான். கொட்டியது.

பூ கீழே விழுந்தது. இரண்டு நாள் குளிரில் கிடந்த குளவிக்கு மற்றப் பூச்சிகளைப்போலச் சீக்கிரம் இறக்கை சூடேறவில்லை, அவன் சட்டைக் கையில் தொற்றிக்கொண்டது.

"மாமா, பை" என்றான். எழுந்திருக்கப் பார்த்தான்.

நான் அவன் தோளில் கை வைத்தேன். "அசையாதே. உன் மேலதான் இருக்கு. அசைஞ்சா இன்னொரு தடவை கொட்டிடும்."

அவன் அசையவில்லை. நான் அவனைக் கட்டவும் இல்லை, அமுக்கவும் இல்லை. சொன்னேன், கேட்டான், அவ்வளவுதான். நான் குளவியை எடுத்துவிட்டு ஊசியைக் கொண்டுவருவேன் என்று நினைத்திருப்பான். குளவி கையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து காலருக்கும் நிதானமாக ஏறியது. நான் கேமராவோடு கூடவே போனேன். அவன் மூச்சு விசிலடிப்பது காதில் விழுந்தது. "ஊசி" என்று ஒரு முறை சொன்னான், பிறகு குரல் வரவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். அப்போது நான் பழக்க தோஷத்தில் ஒன்று சொல்லிவிட்டேன். "என்னைப் பார்க்காதே. லென்ஸைப் பார்."

பார்த்தான்.

நாற்பத்து மூன்று படங்கள் எடுத்தேன். முதல் படம் இரண்டு மணி ஆறு நிமிடம், கடைசிப் படம் இரண்டு மணி இருபத்து மூன்று. ஏழாவது படத்துக்கு முன்னால் கொட்டியது. கவுண்டர் அந்த நாற்காலியிலிருந்து ஏழு அடி என்று டேப் வைத்து அளந்ததாகச் சொன்னீர்கள், சரியான அளவுதான். நாற்பத்து ஒன்றாவது படத்தில் இறக்கை இரண்டும் விரிந்து, துளிகள் இன்னும் உதிராமல், கண்ணின் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது. அப்படி ஒரு படம் வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். அதற்குப் பிறகு கவுண்டருக்குப் போய் ஊசியை எடுத்துவந்து, அவன் தொடையில் அழுத்தி, பத்து எண்ணினேன். அவசரப்படாமல், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

ஜன்னல் வழியாகக் குளவி பறந்து வந்து கொட்டிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். மருந்துக்கடைக்காரர் என் தோளைத் தடவிக்கொடுத்தார். என் மனைவி, "நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கூட்டத்துக்கு அந்தப் படத்தை எதற்கு அனுப்பினாய் என்று கேட்கிறீர்கள். நல்ல படம் பெட்டிக்குள் கிடக்கலாமா? அடுத்த மாதக் கூட்டத்தை அவனுடைய நினைவாக நடத்த வேண்டும் என்று குழுவே சொன்னது. நான் 'விழிப்பு' என்று தலைப்பு வைத்து நாற்பத்து ஒன்றாம் படத்தைக் கொடுத்தேன். தம்பியின் நினைவு என்பதால் என் மனைவியும் முதல் தடவையாக வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். படம் திரையில் விழுந்ததும் கூடமே எழுந்து நின்றது. நான் விடியற்காலை கதையைச் சொன்னேன். பல் டாக்டர், "பின்னணியில அந்தச் சிவப்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். செம்பருத்தி இதழ் என்றேன்.

என் மனைவி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இது பனி இல்ல" என்றாள். "எங்க ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தா இப்படித்தான் தண்ணி கோர்க்கும்."

பத்து பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கி அந்தச் சிவப்பின் ஓரத்தில், கறுப்பாகக் கலங்கியிருந்த ஒரு புள்ளியைத் தொட்டாள்.

"இது செம்பருத்தி இல்ல. இது என் தம்பி கழுத்து. காதுக்குக் கீழே இருக்கிற மச்சம் இது. நான் குளிப்பாட்டின பிள்ளை எனக்குத் தெரியாதா?"

பின்னால் இருப்பது எல்லாம் கரைந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன் அல்லவா? நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டதாக நேற்றுக் கடிதம் வந்தது. பூச்சியைக் குளிரூட்டி விதியை மீறினேனாம். நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். சாவதற்கு முந்தின நாளே மச்சினன் மருந்துக்கடைக்காரரிடம் போய் உறுப்பினர் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். சேரக் காரணம் என்ற இடத்தில் 'மாமாவின் படங்கள்' என்று எழுதியிருந்தானாம். ஃபிரிட்ஜைப் பற்றி மூச்சுவிடவில்லையாம். இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க மாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நான் செய்தேன். பிடித்ததும் நான்தான், அழைத்ததும் நான்தான், பையை வெளியே வைக்கச் சொன்னதும், பதினேழு நிமிடம் நின்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் இந்தத் தாளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கடைசிப் படம் எடுத்ததும் நான் கவுண்டருக்குப் போகவில்லை. குளவி அவன் காலர் மடிப்பில் சிக்கிக்கொள்ளப் பார்த்தது. நசுங்கிவிடுமே என்று அதைத்தான் முதலில் காகிதத்தில் ஏந்தி, ஜன்னலைத் திறந்து, அது வெயிலில் எழும்பிப் போகும் வரை நின்று பார்த்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடத்தில் என் கையால் ஓர் உயிர்கூடப் போனதில்லை.